வேகத்தைச் சுமக்கும் சில மைக்ரான் ஆயில்

ஐந்து லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று. 2005-ல் பிஎம்டபிள்யூ எம்5 கார் சந்தைக்கு வந்தபோது, நான்கு கதவு கொண்ட குடும்பக் காருக்குள் இப்படியொரு பெட்ரோல் இன்ஜினை உலகம் அதுவரை பார்த்ததில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே கார், ஜெர்மனியின் பழைய கார் சந்தையில் புதிய விலையில் பாதிக்கும் வெகு கீழே இறங்கியது. ஆசையோடு வாங்கியவர்களில் சிலர் ஆண்டுக்கணக்கில் அதை ஓட்டி மகிழ்ந்தார்கள். வேறு சிலருக்குச் சில மாதங்களிலேயே இன்ஜினின் அடிவயிற்றிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஒரே தொழிற்சாலை, ஒரே வரைபடம், ஒரே உலோகம். ஆனாலும் ஒன்று உழைத்தது, ஒன்று உடைந்தது.

இந்த வேறுபாட்டுக்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்வது எளிது. 'ஜெர்மன் கார் என்றாலே செலவு' என்று ஒரேயடியாக ஒதுக்குவதும் எளிது. இரண்டுமே உண்மையை மறைக்கின்றன. அதிவேக இன்ஜின் ஏன் தேய்கிறது, எங்கே முதலில் தேய்கிறது, எது அந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடுகிறது என்பவற்றுக்கெல்லாம் இயற்பியலிலும் வேதியியலிலும் தெளிவான விடைகள் இருக்கின்றன. அந்த விடைகளைத் தெரிந்துகொண்டவர் கிலோமீட்டர் மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பார்.

திறனுக்குக் கொடுக்கும் விலை

டர்போ இல்லாத இன்ஜினிலிருந்து அதிகத் திறன் பெற முதன்மையான வழி, அதை இன்னும் வேகமாகச் சுற்ற வைப்பது. 2007-ல் வந்த எம்3 காரின் எஸ்65 இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நான்கு லிட்டர் கொள்ளளவில் 420 குதிரைத்திறன். அதாவது லிட்டருக்கு 105. அதன் உச்ச வேகம் நிமிடத்துக்கு 8,400 சுற்று. அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 140 முறை மேலே போய்க் கீழே வருகிறது. 75.2 மில்லிமீட்டர் பயணத்தின் இரு முனைகளிலும் அது முழுமையாக நின்று திசை மாற வேண்டும்.

இந்த நின்று திரும்புதலில்தான் துன்பம் இருக்கிறது. மேல் முனையில் பிஸ்டன் அடையும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 3,500 மடங்குக்கு மேல். பிஸ்டனும் அதன் ஊசியும் அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் கனெக்டிங் ராட் ஒன்றே முக்கால் டன் சுமையை இழுத்துப் பிடிக்கிறது. சுழற்சி வேகம் இரட்டிப்பானால் இந்தச் சுமை நான்கு மடங்காகும். அன்றாடம் 3,000 சுற்றில் ஓடும் சாதாரணக் காருக்கும், 8,000-ஐத் தாண்டும் இந்தக் காருக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவு.

இன்னொரு வழி, டர்போ வைத்துக் காற்றை அழுத்தித் திணிப்பது. சுழற்சி வேகம் குறையும். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பமும் ஏறும். எந்த வழியில் போனாலும் வடிவமைப்பாளர் செலவழிப்பது ஒன்றைத்தான்: தாங்குதிறனின் கையிருப்பை. சாதாரண இன்ஜினில் அந்தக் கையிருப்பு தாராளமாக இருக்கிறது. ஆயில் கொஞ்சம் பழசானாலும், குளிர்ந்திருக்கும்போதே முடுக்கினாலும் அது பொறுத்துக்கொள்ளும். வேகக் காரில் அந்தக் கையிருப்பின் பெரும்பகுதி ஏற்கெனவே குதிரைத்திறனாக மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே இந்த இன்ஜின்களைப் பலவீனமானவை என்று சொல்வது தவறு. அவை மிக நேர்த்தியாகச் செய்யப்பட்டவை. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இடம் மட்டும் குறைவு.

உலோகத்தை உலோகம் தொடாத வரை

கனெக்டிங் ராட் கிராங்க் தண்டைப் பிடித்திருக்கும் இடத்தில் உருளைகளோ குண்டுகளோ இல்லை. பிறைபோல் வளைந்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் மட்டுமே உண்டு. இதுதான் ராட் பேரிங். டன் கணக்கான சுமையைத் தாங்குவது இந்தத் தகடுகூட அல்ல; தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம். கடும் சுமையில் அதன் தடிமன் சில மைக்ரான்கள்தான். மனிதத் தலைமுடி ஒன்றின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இவ்வளவு மெல்லிய படலம் எப்படி இவ்வளவு சுமை தாங்குகிறது? 1880-களில் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சுகளின் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் தலைப்பில் துளை போட்டார். அச்சு சுழன்றதும் ஆயில் அந்தத் துளை வழியாக மேலே பொங்கியது. அடைப்பு வைத்தார், அடைப்பும் வெளியே தள்ளப்பட்டது. சுழலும் அச்சே ஆயிலைக் குறுகலான இடைவெளிக்குள் இழுத்துச்சென்று, தன்னைத் தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணித வடிவம் கொடுத்தார். ஜெர்மானியரான ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902-ல், வேகமும் சுமையும் மாறும்போது உராய்வு எப்படி மாறுகிறது என்பதை வளைகோடாக வரைந்து காட்டினார். இன்றைய இன்ஜின் பொறியியல் அந்த வளைகோட்டின் மேல்தான் நிற்கிறது.

படலம் நிலைப்பதற்கு மூன்று சரியாக அமைய வேண்டும்: ஆயிலின் பிசுக்கு, சுழற்சி வேகம், இடைவெளி. ஒன்று தவறினாலும் உலோகம் உலோகத்தைத் தொடும். பேரிங் தகட்டின் மேற்பரப்பு வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுவது இதற்காகத்தான். தேய்ந்தால் விலை குறைந்த தகடு தேயட்டும், விலை உயர்ந்த கிராங்க் தண்டு தப்பிக்கட்டும் என்பது ஏற்பாடு. தகடு முழுவதும் தேய்ந்துபோன பிறகும் ஓட்டிக்கொண்டிருந்தால், ராட் பிய்த்துக்கொண்டு இன்ஜின் சுவரையே உடைத்து வெளியே வரும்.

பிஎம்டபிள்யூவின் எம் வரிசை இன்ஜின்களில் மூன்று தலைமுறைகள் இந்த இடத்தில் சோதிக்கப்பட்டன. 2000-ல் வந்த எம்3 காரின் எஸ்54 இன்ஜின் ஆறு சிலிண்டரில் 343 குதிரைத்திறன் தந்தது. 8,000 சுற்று வரை போனது. தொடக்க ஆண்டுகளில் தயாரான கார்களுக்கு நிறுவனமே ராட் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது, அமெரிக்காவில் உத்தரவாதக் காலத்தையும் நீட்டித்தது. அடுத்து வந்த, எம்5-ன் பத்து சிலிண்டர் எஸ்85-லும், எட்டு சிலிண்டர் எஸ்65-லும் அதே கவலை திரும்பியது. தண்டின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி வேண்டும் என்பது இன்ஜின் கட்டுபவர்களின் பழைய கணக்கு. எஸ்65-ஐப் பிரித்து அளந்த தனி வல்லுநர்கள் அதைவிடக் குறுகலான இடைவெளியைக் கண்டார்கள். இந்த இன்ஜின்களுக்கு நிறுவனம் பரிந்துரைத்ததோ 10டபிள்யூ-60 என்ற கெட்டியான ஆயில். கொதிக்கும் வெப்பத்தில் அது படலத்தைக் காக்கும். குளிர்ந்த காலையில் அந்தக் குறுகலான இடைவெளிக்குள் நுழையத் தயங்கும்.

இதை நிறுவனமும் அறிந்திருந்தது. அதற்கான எச்சரிக்கையை ஓட்டுநரின் கண்முன்னே வைத்தது. அந்தக் கால எம் கார்களின் சுற்றுமானியைச் சுற்றி வரிசையாக மஞ்சள் விளக்குகள் இருக்கும். இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் இயக்கியதும் அவை எரியும்; ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணையும். விளக்கு எரியும் எல்லைக்குள் போகாதே என்பது பொருள். கூலண்டின் வெப்பமானி நடுக்கோட்டுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாகப் பல நிமிடங்கள் பிடிக்கும் என்பதால், இந்த விளக்குகள் சொன்ன செய்தி முக்கியமானது. அதைக் கேட்டவர் எத்தனை பேர் என்பதில்தான் அந்த இன்ஜின்களின் ஆயுள் பிரிந்தது.

ஒரே வாசலில் பிறந்த இரண்டு இன்ஜின்கள்

கையிருப்பு என்பது என்ன என்று ஒரே எடுத்துக்காட்டில் பார்க்க வேண்டுமானால் போர்ஷே 911-ன் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1960-களிலிருந்து காற்றால் குளிர்ந்துவந்த 911 இன்ஜின், 1997-ல் அறிமுகமான 996 வரிசையோடு நீரால் குளிர்வதாக மாறியது. எம்96 எனப்படும் இந்தப் புதிய இன்ஜின், ஓராண்டு முன்பே பாக்ஸ்டர் காரில் வந்திருந்தது. செலவைக் குறைத்து அதிகம் தயாரிக்க வேண்டிய நெருக்கடியில் நிறுவனம் இருந்த காலம் அது.

எம்96-ன் உள்ளே, கிராங்க் தண்டிலிருந்து கேம் தண்டுகளுக்கு இயக்கத்தைக் கடத்த ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது, கிரீஸ் நிரப்பி இருபுறமும் மூடி முத்திரையிடப்பட்ட குண்டு பேரிங். ஆண்டுகள் போகப்போக வெப்பத்தில் முத்திரை இறுகிக் கசிகிறது. ஆயில் உள்ளே போய் கிரீஸைக் கரைத்துவிடுகிறது. ஆனால் புதிய ஆயில் தொடர்ந்து பாயவும் வழியில்லை. பழைய ஆயில் அங்கேயே தேங்கிக் கெடுகிறது, குண்டுகள் தேய்கின்றன. பேரிங் உடைந்தால் செயின் தளர்ந்து, வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, இன்ஜின் ஒரே நொடியில் முடிந்துவிடும். 2013-ல் அமெரிக்காவில் சமரசமான கூட்டு வழக்கில் வெளிவந்த கணக்கின்படி, ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்த 2001 முதல் 2005 வரையிலான கார்களில் சுமார் 8 சதவீதம் இதனால் பாதிக்கப்பட்டன. முந்தைய இரட்டை வரிசைப் பேரிங்கில் அந்த அளவு 1 சதவீதத்துக்கும் கீழே. 2009 மாடலுக்காக வந்த புதிய இன்ஜினில் அந்த இடைத்தண்டே நீக்கப்பட்டது.

அதே ஆண்டுகளில், அதே 911 உடலுக்குள், டர்போவிலும் ஜிடி3-லும் வேறோர் இன்ஜின் இருந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அழைக்கப்படும் அது, போர்ஷேயின் பந்தய இன்ஜின்களின் வழிவந்தது. அதிலும் இடைத்தண்டு உண்டு. ஆனால் அதைத் தாங்குவது, அழுத்தத்தோடு ஆயில் பாய்ந்துகொண்டே இருக்கும் சாதாரணத் தகட்டுப் பேரிங். அதன் சிலிண்டர்களும் வேறு பூச்சு கொண்டவை. குதிரைத்திறன் அதிகம், சுமை அதிகம். இருந்தும் இடைத்தண்டு பற்றிய கவலையே அதற்கு இல்லை. அதிகத் திறன் கொண்ட இன்ஜின்தான் முதலில் உடையும் என்ற எளிய கணக்கு இங்கே பொய்யாகிறது. எந்தப் பாகத்துக்கு எவ்வளவு கையிருப்பு விட்டுவைக்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது. புகழ்பெற்ற மெட்ஸ்கர் இன்ஜினும் குறையற்றதல்ல. அதன் கூலண்ட் குழாய்களின் இணைப்புகள் பசையால் ஒட்டப்பட்டவை. வெப்பத்தில் அந்தப் பசை விட்டுவிடும். இன்ஜின் உடையாது, ஆனால் ஓடும்போதே கூலண்ட் முழுவதும் சாலையில் கொட்டிவிடும்.

மெர்சிடிஸின் ஏஎம்ஜி பிரிவிலும் இதே பாடம் கிடைக்கிறது. 5.4 லிட்டர் கொள்ளளவில் சூப்பர்சார்ஜர் பூட்டிய எம்113 இன்ஜின், சிலிண்டருக்கு மூன்றே வால்வுகளோடு, அதிகம் சுழலாமல், 476 குதிரைத்திறன் தந்தது. நீண்டகாலம் உழைப்பதில் அதற்கு நல்ல பெயர். அதற்குப் பிறகு ஏஎம்ஜி முழுக்கத் தானே வடிவமைத்த 6.2 லிட்டர் எம்156, டர்போ எதுவுமின்றி 7,200 சுற்று வரை போகும் அற்புதமான இன்ஜின். ஆனால் அதன் முதல் சில ஆண்டுத் தயாரிப்புகளில் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்கள் உடைந்தன. உடைந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கும். நீர்மத்தை அழுத்திச் சுருக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் ராட் வளையும். பின்னர் மாற்றப்பட்ட போல்ட்கள் வந்தன. ஆகவே இந்த இன்ஜின் கொண்ட சி63 ஏஎம்ஜி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த ஆண்டு இன்ஜின், போல்ட்கள் மாற்றப்பட்டனவா என்பதுதான்.

சிலிண்டர் சுவரின் வேதியியல்

அலுமினியம் எடை குறைந்தது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் பிஸ்டன் வளையங்கள் உரசும் பரப்பாக அது தாங்காது. இந்தச் சிக்கலுக்கு ஜெர்மானியர்கள் கண்ட தீர்வுகளில் ஒன்று நிகாசில். நிக்கலுக்குள் சிலிக்கன் கார்பைடு துகள்களைப் பதித்து அலுமினியத்தின் மேல் பூசுவது. மாலே நிறுவனம் 1967-ல் வாங்கெல் இன்ஜின்களுக்காக உருவாக்கிய இந்தப் பூச்சு, 1970-களின் தொடக்கத்தில் போர்ஷேயின் 917 பந்தயக் காரிலும் 911 கரேரா ஆர்எஸ் 2.7-லும் புகழ்பெற்றது.

1990-களில் பிஎம்டபிள்யூ அதே பூச்சைத் தன் எம்60 எட்டு சிலிண்டர் இன்ஜினில் பயன்படுத்தியது. கந்தகம் அதிகமான பெட்ரோல் விற்கப்பட்ட இடங்களில், குறிப்பாக அமெரிக்காவில், பூச்சு அரித்தது. வளையங்கள் சுவரைப் பற்ற முடியாமல் அழுத்தம் கசிந்தது. இன்ஜின் அதேதான், ஊற்றிய பெட்ரோல் வேறு. நிறுவனம் பிறகு அலுசில் என்ற கலவைக்கு மாறியது. 17 சதவீதம் அளவுக்குச் சிலிக்கன் கலந்த அலுமினியம் அது. மேற்பரப்பில் துருத்தி நிற்கும் சிலிக்கன் படிகங்களின் மேல்தான் வளையங்கள் வழுக்கிச் செல்கின்றன.

போர்ஷே எம்96 இன்ஜினின் சுவரோ லோகாசில் என்ற இன்னொரு முறை. இந்த வகைச் சுவர்களுக்கு ஏற்ப பிஸ்டனின் பக்கங்களில் இரும்பு கலந்த மெல்லிய பூச்சு தேவைப்படுகிறது. அந்தப் பூச்சு தேய்ந்தால் அலுமினியம் அலுமினியத்தை உரசி, சுவரில் நெடுகக் கீறல் விழும். குளிர் நாடுகளில் இது அதிகம் காணப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தெளிக்கப்படும். அது சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். ஆயில் செலவு கூடுவது, ஒரு பக்கப் புகைபோக்கி மட்டும் அதிகம் கறுத்திருப்பது, சூடான பிறகும் கேட்கும் டக் டக் ஒலி ஆகியவை அதன் அறிகுறிகள்.

வெப்பம் எழுதும் கணக்கு

2008-ல் பிஎம்டபிள்யூ அறிமுகப்படுத்திய என்63 எட்டு சிலிண்டர் இன்ஜினில் டர்போக்கள் வெளிப்புறத்தில் இல்லை. இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அமர்த்தப்பட்டன. வெளியேறும் வாயு டர்போவை அடையும் தூரம் குறைந்தது. இன்ஜின் உடனுக்குடன் திறன் காட்டியது. ஆனால் இன்ஜினிலேயே மிகச் சூடான பாகங்கள், இன்ஜினின் நட்ட நடுவே வந்தன. காரை நிறுத்தியதும் காற்றோட்டமும் நின்றுவிடும். தேங்கிய வெப்பம் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களையும் குழாய்களையும் வயர்களையும் வாட்டும். வால்வுத் தண்டுகளின் சீல்கள் இறுகி ஆயிலைக் கசியவிடும். 2014 இறுதியில் அமெரிக்காவில் நிறுவனம் இந்த இன்ஜின் கொண்ட கார்களுக்கெனத் தனிப் பராமரிப்புத் திட்டமே அறிவித்தது. டைமிங் செயினையும் இன்ஜெக்டர்களையும் சோதிப்பதோடு, ஆயில் மாற்றும் இடைவெளியையும் அது குறைத்தது.

வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பழகிய தோராயக் கணக்கு. ஆயில் கெடுவதும் ரப்பர் இறுகுவதும் பிளாஸ்டிக் நொறுங்குவதும் வேதிவினைகளே. ஜெர்மன் கார்களில் கூலண்ட் தொட்டி, குழாய் இணைப்புகள், தெர்மோஸ்டாட் உறை போன்ற பல பாகங்கள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. எடை குறைவு, வார்ப்பது எளிது. ஆனால் ஆண்டுக்கணக்கில் சூடான கூலண்டில் ஊறி அவை உறுதி இழக்கின்றன. கையால் அழுத்தினாலே உடையும் நிலைக்கு வந்த குழாய் இணைப்பு, கடும் ஓட்டத்தின் நடுவே உடைந்தால், சில நிமிடங்களில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். சில ஆயிரம் ரூபாய்ப் பாகம், பல லட்ச ரூபாய் இன்ஜினைக் கொன்றுவிடும். இங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. குறைவாக ஓடியிருந்தாலும் வயதான பிளாஸ்டிக் வயதானதுதான்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜின்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. முன்பெல்லாம் பெட்ரோல் வால்வின் பின்புறம் தெளிக்கப்பட்டு, போகிற போக்கில் அதைக் கழுவிக்கொண்டே போகும். நேரடித் தெளிப்பில் அந்தக் கழுவல் இல்லை. கிராங்க் அறையிலிருந்து உறிஞ்சப்படும் ஆயில் ஆவி சூடான வால்வில் படிந்து கரியாகக் கெட்டிப்படும். 8,000 சுற்றைத் தாண்டும் ஆடி ஆர்எஸ்4-ன் 4.2 லிட்டர் இன்ஜின் இதனால் காற்று இழுக்கத் திணறியது. பிஎம்டபிள்யூவின் இரட்டை டர்போ என்54 இன்ஜினிலும் இதே படிவு உண்டு. பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அந்தக் கரியைச் சுரண்டுவது இன்று பணிமனைகளில் வழக்கமான வேலை. என்54-ன் உயர் அழுத்த எரிபொருள் பம்ப் வேறு தொல்லை கொடுத்தது. 2010-ல் அமெரிக்காவில் அதன் உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் வரை நீட்டிக்கப்பட்டது.

கட்டமைப்பாலும் செலவு ஏறும். 2003-ல் வந்த ஆடி எஸ்4 காரின் சின்ன முன்பகுதிக்குள் 4.2 லிட்டர் இன்ஜினைப் பொருத்த, நீளத்தைக் குறைத்து டைமிங் செயின்களைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். செயினை வழிநடத்தும் பிளாஸ்டிக் பட்டைகள் தேய்ந்தபோது, அவற்றைத் தொடுவதற்கே இன்ஜின் முழுவதையும் கீழே இறக்க வேண்டியிருந்தது. பாகத்தின் விலையைவிடக் கூலி பலமடங்கு.

நிறுத்திவைத்த காரின் நோய்

பழைய கார் விளம்பரங்களில் மிகவும் கவர்வது 'குறைவாக ஓடியது' என்ற சொற்கள். வேகக் காரில் அது பல நேரம் எச்சரிக்கை. எரிபொருள் எரியும்போது நீராவி உண்டாகிறது. குளிர்ந்த இன்ஜினில் அதில் ஒரு பகுதி ஆயிலில் கலக்கிறது. எரியாத பெட்ரோலும் சேர்கிறது. ஆயில் நன்றாகச் சூடாகிச் சற்று நேரம் ஓடினால்தான் இரண்டும் ஆவியாகி வெளியேறும். கடைக்கும் வீட்டுக்குமான ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் அது நடக்காது. ஆயில் நீர்த்து, அமிலமாகி, பேரிங்குகளின் மென்மையான மேற்பரப்பை அரிக்கிறது. போர்ஷேயின் இடைத்தண்டுப் பேரிங் குறித்தும், அதிகம் ஓடிய கார்களைவிட அதிகம் நின்ற கார்களே கவலை தருகின்றன என்று பல வல்லுநர்கள் சொல்லிவருகிறார்கள்.

ஜெர்மனியின் ஆட்டோபானில் நாள்தோறும் 200 கிலோமீட்டர் நிதானமான வேகத்தில் ஓடிய கார் இதற்கு நேரெதிர். அதன் ஆயில் சரியான வெப்பத்தில் இருந்தது, குளிர் தொடக்கங்கள் குறைவு, மீட்டரில் மட்டும் எண் பெரியது. வரம்பில்லாச் சாலைக்காகவே அதன் குளிர்விப்பும் ஆயில் ஓட்டமும் கணக்கிடப்பட்டன. தன் பிறப்பின் நோக்கத்தோடு வாழ்ந்த கார் அது.

இதோடு சேர்ந்தது ஆயில் மாற்றும் இடைவெளி. 2000-களில் ஜெர்மன் நிறுவனங்கள் 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்ற அட்டவணைகளை முன்வைத்தன. மொத்தமாகக் கார் வாங்கிக் குத்தகைக்கு விடும் நிறுவனங்களுக்கு அது பெரிய ஈர்ப்பு. முதல் மூன்று நான்கு ஆண்டு உரிமையாளருக்கு அதனால் நட்டமில்லை. தாமதத்தின் கடன் மூன்றாம் நான்காம் உரிமையாளரின் தலையில் விடிகிறது. அட்டவணையை விட அடிக்கடி, ஆண்டுக்கொரு முறையாவது, நிறுவனத்தின் தரக்குறியீடு பெற்ற ஆயிலை மாற்றிய உரிமையாளரின் கார் கிடைப்பது இதனால்தான் பெரும்பேறு.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

ஜெர்மனியில் புதுக் கார் மூன்று ஆண்டு முடிந்ததும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், துரு, விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் பேரிங்கின் தேய்மானத்தை அந்தச் சோதனை தொடுவதில்லை. சான்றிதழ் புதிதாக இருப்பதால் இன்ஜின் நலம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்ஜினைத் திறக்காமல் உள்ளே பார்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. முதலாவது ஆயில் பரிசோதனை. 1940-களில் அமெரிக்க ரயில்வேக்கள் டீசல் இன்ஜின்களுக்காகத் தொடங்கிய முறை இது. வடித்தெடுத்த ஆயிலின் சிறு மாதிரியை நிறமாலைமானியில் வைத்தால், கரைந்திருக்கும் உலோகங்கள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். ஈயமும் செம்பும் ஏறினால் பழைய வகைப் பேரிங் தேய்கிறது. இரும்பு ஏறினால் வேறு பாகம். சிலிக்கன் ஏறினால் காற்று வடிகட்டி வழியே தூசி நுழைகிறது. ஒரே ஒரு அறிக்கையை விட, ஆண்டுவாரியாகத் தொடர்ந்து எடுத்த அறிக்கைகள் பல மடங்கு பயன் தரும்.

இரண்டாவது, ஸ்பார்க் பிளக் துளை வழியே சிறு கேமராவை இறக்கிச் சிலிண்டர் சுவரைப் பார்ப்பது. மூன்றாவது, ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றை நிரப்பிக் கசிவை அளப்பது. நான்காவது, காரின் கணினி தன் நினைவில் வைத்திருக்கும் சாட்சியம். போர்ஷே கார்களில் வரம்பைத் தாண்டி இன்ஜின் சுழன்ற தடவைகளும், அது நடந்தபோது இன்ஜின் ஓடியிருந்த மணிக்கணக்கும் பதிவாகின்றன. ஆறாவது கியருக்குப் பதில் தவறி இரண்டாவது போட்டால், சக்கரங்களே இன்ஜினை இழுத்துச் சுழற்றும். எரிபொருளை நிறுத்தினாலும் அதைத் தடுக்க முடியாது. அப்படி நடந்த காரை அந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றோடு பணிமனை ரசீதுகள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்த ஆயில், எந்தப் பாகம் என்று வரிசையாக எழுதப்பட்ட ரசீதுகள் ஓர் இன்ஜினின் வாழ்க்கை வரலாறு. அந்த மாடலுக்கே உரிய பலவீனமான பாகம் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தால், அந்தக் கார் சற்று விலை கூடியிருந்தாலும் மலிவுதான். ராட் பேரிங் மாற்றிய எம்3, இடைத்தண்டுப் பேரிங் மாற்றிய பாக்ஸ்டர், ஹெட் போல்ட் மாற்றிய சி63 இவையெல்லாம் தம் கையிருப்பைத் திரும்பப் பெற்ற இன்ஜின்கள். மாற்றாத காரை வாங்குவதானால், அந்த வேலையின் செலவை முதல் நாளே விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். காரின் சந்தை விலை ஆண்டுதோறும் இறங்கும். பேரிங்கின் விலையும் தொழிலாளியின் கூலியும் இறங்குவதில்லை. பத்தாண்டு வயதான எம்5-க்கும் புது எம்5-க்கு வேண்டிய அதே ஆயில், அதே பாகம், அதே கவனம்தான் வேண்டும்.

டர்போ இல்லாமல் அதிவேகமாகச் சுற்றிப் பாடும் இன்ஜின்களை ஜெர்மன் நிறுவனங்கள் ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டுவிட்டன. போர்ஷேயின் ஜிடி வரிசை போன்ற சில விதிவிலக்குகளே மிஞ்சியிருக்கின்றன. புகை விதிகளும் மின்கார்களும் அந்த அத்தியாயத்தை மூடி வருகின்றன. எனவே இன்று பழைய கார் சந்தையில் நிற்கும் எஸ்54, எஸ்65, எஸ்85, மெட்ஸ்கர், எம்156 ஆகியவை பொறியியலின் ஒரு சிகரத்தில் செய்யப்பட்டவை, மறுபடி செய்யப்படாதவை. அவற்றை மலிவான ஆடம்பரம் என்று வாங்கி, மலிவாகவே நடத்துபவர் கையில் அவை உடைகின்றன. உடைந்த பிறகு பழி இன்ஜின் மேல் விழுகிறது.

அந்தப் பழி நியாயமில்லை. தான் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை இந்த இன்ஜின் ஒளித்துவைக்கவில்லை. ஆயில் சூடாகும்வரை பொறு, ஆயிலைக் காலம் தவறாமல் மாற்று, பிளாஸ்டிக் நொறுங்கும் முன் மாற்று, தெரிந்த பலவீனத்தைச் சத்தம் வரும்வரை விட்டுவைக்காதே. இந்த நான்கையும் செய்தவர்களின் கார்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்க நினைப்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்தக் காரின் விலை நமக்குக் கட்டுமா என்பதல்ல. இந்த நான்கையும் ஆண்டுதோறும் செய்ய நமக்கு மனமும் பணமும் இருக்கிறதா என்பதே. இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்ல முடிந்தவர் தயங்காமல் வாங்கலாம். முடியாதவர் விலகி நிற்பதே அந்த இன்ஜினுக்கும் அவருக்கும் நல்லது.